இரண்டெழுத்து குறைந்த வீடு

பிழையான பெயர்ப்பலகையைக் கண்டால் நின்றுவிடும் பழக்கம் எனக்கு உண்டு. கண்டியில் எந்த அறிவித்தலும் மூன்று மொழியில் இருக்கும்: மேலே சிங்களம், நடுவே தமிழ், கீழே ஆங்கிலம். நடுவில் இருப்பதால்தானோ என்னவோ, தமிழுக்கே அடி அதிகம். ஒரு வீதியோரத்தில் 'நடைபாதை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நடைபாடை' என்று எழுதி, நடந்து போகிறவர்களை உயிரோடு படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பாமசியில் ஒரேயொரு அரவு, அந்தத் துணைக்கால், உதிர்ந்துபோனதால் 'மருந்து கொடுக்குமிடம்' என்பது 'மருந்து கெடுக்குமிடம்' ஆகியிருந்தது. நான் உள்ளே போய், குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொல்லி, சரியானதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். சிலர் திருத்துவார்கள். சிலர் நன்றி சொல்லி, தாளை லாச்சிக்குள் போட்டு, லாச்சியைத் தள்ளி மூடுவார்கள். மாலையில் நாட்குறிப்பில் திருந்தியவை ஒரு பக்கம், திருந்தாதவை ஒரு பக்கம் என்று எழுதி வைப்பேன். என் மாணவிகள் எனக்கு 'போர்டு டீச்சர்' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பழக்கத்தை நம்பித்தான் அன்று பாடசாலை விட்டதும் என் பழைய வகுப்புத் தோழி என்னை அழைத்தாள். கொழும்பில் பார்த்த வங்கி வேலையை விட்டுவிட்டு, தாயோடு இருக்க வந்திருந்தவள் அவள்.

"எங்க இருக்க?"

"ஸ்கூல் வாசல்ல."

"அப்படியே திகன பஸ்ஸுல ஏறி வா. அம்மா கேட்டப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாங்க."

"ஏன்?"

"போர்டு."

"பிழையா?"

"எழுத்துப் பிழை ஒண்ணுமே இல்ல. அதான் பிரச்சினை."

நான் பஸ் ஏறினேன். யன்னலோர இருக்கை கிடைத்தது. கண்டியிலிருந்து திகன போகும் வீதியில் ஆற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், வலப்பக்க மேட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பெரிய கூரைகள் தெரியும். தோழியின் குடும்பத்து வீடுகள் அவை. இந்தப் பக்கத்தில் அவர்களைத் தெரியாதவர் இல்லை. ஊர் வைத்த பெயர் 'பெட்டிக்காரர்'. மலையிலிருந்து தேயிலை பலகைப் பெட்டிகளில் இறங்கிய காலத்தில், பன்வில, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பெட்டி போனது இவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து. உள்ளே ஈயத்தாள், விளிம்புகளில் தகரப் பட்டி, பக்கவாட்டில் கறுப்பு மையில் தோட்டத்தின் பெயர். பிறகு தேயிலை தடித்த கடதாசிப் பைக்கு மாறியது. பெட்டிக்காரர் கதை முடிந்தது என்று ஊர் நினைத்தது. அவர்களோ அட்டைப் பெட்டிக்கு மாறினார்கள். இன்று கண்டியில் கேக் வாங்கினாலும் காலுக்குச் சப்பாத்து வாங்கினாலும், பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்தால் அவர்களுடைய முத்திரை தெரியும். நான் திருப்பிப் பார்ப்பதுண்டு.

தொழிற்சாலையைத் தொடங்கியவர் மேட்டின் உச்சியில் கட்டியது முதல் வீடு. தேக்குப் படிக்கட்டு, நிறக் கண்ணாடி பதித்த மேல்யன்னல்கள், இரண்டு கார்கள் அருகருகே நிற்கக்கூடிய போர்ட்டிக்கோ. இரண்டாவது மகனுக்குக் கல்யாணம் பேசியபோது, அதற்குச் சற்றுக் கீழே இரண்டாவது வீட்டைக் கட்டினார். முதல் வீடு பெரிய வீடு. இரண்டாவதற்கு வரைபடம் வரைந்தவர் தன் தாளின் மூலையில் ஆங்கிலத்தில் 'ஸ்மோல் ஹவுஸ்' என்று எழுதினாராம். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சிங்களத்தில் 'பொடி கெதர' என்றார்கள். இரண்டு மொழியிலும் அது அடக்கமான, கொஞ்சம் செல்லமான பெயர். தமிழில் மட்டும் அதை நேராகச் சொன்னால் கதை வேறாகிவிடும். மனைவி பிள்ளைகள் ஒரு வீட்டில் இருக்க, மனிதர் மாலையில் போய்ச் சேரும் இன்னொரு வீடு இருக்கிறதே, அதற்குத்தான் தமிழில் 'சின்ன வீடு' என்று பெயர். இதைத் தமிழ்நாட்டுப் படங்கள் நமக்குப் போதிய அளவு சொல்லித் தந்திருக்கின்றன.

அந்த வீடு சின்னதும் அல்ல. உள்ளே பல முறை போயிருக்கிறேன். பெரிய வீட்டைவிட ஒரு அறை கூடுதல், பின்விறாந்தையும் நீளம். ஒரே குறை கூரைத் தட்டு. அதைக் கட்டிய காலத்தில் தேக்கு விலை ஏறிவிட்டதால், பெரியவர் தொழிற்சாலையிலிருந்து தேயிலைப் பெட்டிப் பலகையை ஏற்றி வந்து கூரைக்கு அடியில் அடித்துவிட்டார். சாப்பாட்டு மேசைக்கு நேர்மேலே ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரில் பாதி, தலைகீழாக, இன்னும் வாசிக்கலாம்.

இந்த இரண்டு வீடுகளையும் அந்தச் சனிக்கிழமை பொதுமக்களுக்குத் திறப்பதாக ஏற்பாடு. மேல் வீட்டில் தங்குமிடம். கீழ் வீட்டில் முன் அறைகளைச் சுற்றிப் பார்க்கலாம், விறாந்தையில் தேத்தண்ணி குடிக்கலாம். தோழியின் தாய் வழமைபோல் பின்பக்க அறைகளில் இருப்பார். மேல் வீடு தோழியின் பெரியப்பா மகனுடையது, கீழ் வீடு தாயுடையது. எல்லாவற்றுக்கும் தாய் சம்மதித்திருந்தார். கதிரைகளுக்குப் புதுப் பின்னல் போட்டபோதுகூடப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். பெயர்ப்பலகை வந்து சேரும் வரைக்கும்.

பஸ் ஹோல்ட் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. இறங்கியதும் வீதிக்கு அப்பால் அது கண்ணில் பட்டது. கேட்டின் வலப்பக்கத் தூணில் கறுப்புக் கருங்கல், அதில் துளையிட்டு இறுக்கிய பித்தளை எழுத்துகள், மூன்று வரி. சிங்களம் சரி. ஆங்கிலம் சரி. நடுவில், நல்ல அழகான எழுத்தில், எந்தப் பிழையும் இல்லாமல்: சின்ன வீடு.

தூணுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய லொறி நின்றது. அதன் மிதிபலகையில் உட்கார்ந்திருந்தவர், எழுத்துகளை வெட்டிப் பொருத்திய திகனக் கடைக்காரர். அவருடைய கடைக்கு முன்பும் போயிருக்கிறேன், பிழை சொல்ல. முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் வழக்கப்படி அவரை 'நானா' என்பேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"டீச்சரா? அல்லாஹ். இதுலயும் பிழையா?"

"இத அடிக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தோணலையா நானா?"

"தோணாம என்ன. மேல் வீட்டு மாத்தயா வட்ஸ்அப்புல அனுப்பீக்கிறாரு. நானும் ரெண்டு தரம் பார்த்தேன். பெரிய ஆக்கள் விசயம். அவங்களே வெளிப்படையா போர்டு போடறாங்க, நாம என்னத்துக்கு வாயத் தொறக்கணும்னு உட்டுட்டேன்."

கேட்டுக்கு உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தோழியின் தாய் எனக்கு மட்டும் கதவைத் திறந்தார். எண்பதை நெருங்குகிற, நேராக நடக்கிற மனுஷி. இடுப்பில் சாவிக் கொத்து. எனக்குப் பின்னால் நானாவும் நுழையப் பார்த்தார்.

"நீங்க எங்க?"

"கையக் கழுவணும் அம்மா. பசை ஒட்டீக்கி."

"கழுவிட்டு விறாந்தையில உக்காருங்க. ஒங்க மேல கோவமில்ல. எழுத்து நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க. அதுதான் இன்னும் எரிச்சல்."

விறாந்தையில் தோழி இருந்தாள். மேசையில் பால் விடாத இஞ்சிப் பிளேன்டீ வந்தது. நான் கேட்காமலே தாய் பேசத் தொடங்கினார். அவர் புசல்லாவையில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். பேச்சில் இன்னும் அந்த ஊர் இருந்தது.

"டீச்சர், நான் கல்யாணம் முடிச்சி இங்க வந்தப்ப எங்க மாமா இந்தியாவுல இருந்தாரு. கல்யாணத்துக்கு வரல. திரும்பி வந்து புசல்லாவையில பஸ் எறங்கி, தேத்தண்ணிக் கடையில உக்காந்திருக்காரு. அங்க ஒருத்தன், 'ஒங்க தங்கச்சி மக கண்டியில பெட்டி மொதலாளி சின்ன வீட்டுலதானே இருக்கா, நல்லா இருக்கா'ன்னு சொல்லியிருக்கான். மாமா தேத்தண்ணிய அப்படியே வச்சிட்டு ஹயரிங் காரு புடிச்சி நேரா இங்க வந்துட்டாரு."

"வந்து?"

"இந்தா, இந்த எடத்துல நின்னுக்கிட்டு சத்தம். 'பொட்டியக் கட்டுடி, போவோம்'ங்கறாரு. என் மாமனாரு அங்க உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கு காது கொஞ்சம் மந்தம். யாரோ தோட்டத்துலருந்து ஆர்டர் குடுக்க வந்திருக்காங்கன்னு நெனச்சி, 'எத்தன பொட்டிங்க கட்டணும்?'னு கேட்டாரு."

நானா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தோழிக்குப் பலமுறை கேட்ட கதை, ஆனாலும் சிரித்தாள். தாயும் சிரித்தார், ஆனால் முதலில் நிறுத்தியவர் அவர்தான்.

"சோறு போட்டு, கல்யாண போட்டோவ காட்டி, மாமாவ அனுப்பிட்டோம். அவரு போயிட்டாரு. அந்தப் பேரு போகல. துணிக்கடையில அட்ரஸ் கேப்பாங்க. 'தொழிற்சாலைக்கு மேல'ன்னு சொல்லுவேன். கல்யாணப் பத்திரிகை குடுக்க வர்றவங்க கேப்பாங்க. 'தொழிற்சாலைக்கு மேல.' இந்த வயசு வரைக்கும் என் வாயால நான் இருக்கிற வீட்டோட பேரச் சொன்னதில்ல. இப்ப பித்தளையில அடிச்சி, ரோட்டப் பாத்து வச்சிருக்கான். நான் செத்தாலும் அது இருக்கும். வர்றவன் போறவன்லாம் அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பான்."

அவர் சாவிக் கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பேரோட கேட் தொறக்காது. சனிக்கிழமைன்னாலும் சரி, எந்தக் கிழமைன்னாலும் சரி."

"தமிழக் கழட்டிட்டு மத்த ரெண்டையும் விடுவோமா அம்மா?" என்றாள் தோழி, களைப்போடு.

நான் வாயைத் திறப்பதற்குள் தாய் முந்திக்கொண்டார். "தமிழக் கழட்டவா? நான் தமிழ்ல படிச்சவ. என் வீட்டு வாசல்ல எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச எழுத்த கழட்டிட்டு, வாசிக்கத் தெரியாத ரெண்ட வைக்கப் போறியா? பேர மாத்து. டீச்சர் எதுக்கு வந்திருக்காங்க?"

அப்போதுதான் எனக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்தது. பிழையைத் திருத்துவது எனக்குக் கைவந்த வேலை. பெயர் வைப்பது அப்படியல்ல. பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். பிளேன்டீயை ஒரு பக்கம் தள்ளினேன்.

"சிறிய இல்லம்," என்றேன்.

"இல்லம்னா முதியோர் இல்லம்," என்றாள் தோழி. "அம்மாவப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது."

"ஒனக்கு நாக்கு நீளம்டி."

"சிறு மாளிகை?"

"மாளிகைன்னா நகைக்கடை டீச்சர்," என்றார் நானா. "போன மாசமும் ஒரு நகை மாளிகைக்கி போர்டு அடிச்சி குடுத்தேன். சனங்க வந்து பவுன் விலை கேப்பாங்க."

"கீழ் வீடு. இருப்பது கீழேதானே?"

"எடம் கீழ இருக்கலாம்," என்றார் தாய். "நான் யாருக்கும் கீழ இல்ல. மேல் வீட்டு அக்கா உயிரோட இருந்தப்ப பலகாரம் செஞ்சா, 'கீழ குடுத்து அனுப்பு'ம்பாங்க. அந்தக் 'கீழ' இன்னும் காதுல இருக்கு."

"தம்பி வீடு? அண்ணன் வீடு மேலே, தம்பி வீடு இங்கே."

"எனக்கு அவரு தம்பியா?"

'இரண்டாம் வீடு' என்று தொடங்கி, முதல் எழுத்திலேயே நிறுத்திக்கொண்டேன். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. பூக்களின் பெயர், மரங்களின் பெயர் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் நானா எழுந்து கேட்டுக்குப் போய், தூணைப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். அவருடைய கவலை வேறு. கருங்கல்லில் துளை போட்டாயிற்று. பழைய எழுத்துகளைக் கழற்றினால் துளைகள் தெரியும். புதுப் பெயர் பழைய துளைகளை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லையே மாற்ற வேண்டும். கல் திகனயில் கிடைக்காது, சனிக்கிழமைக்குள் வரவும் வராது.

"சிங்களத்துல பிரச்சின இல்ல, இங்கிலீசுல பிரச்சின இல்ல," என்றார் அவர், பாதி தனக்குள். "தமிழுக்கு மட்டும்தான் சின்ன வீடு பிரச்சினையா ஈக்கி."

அந்த நேரத்தில் தோழியின் தொலைபேசி அடித்தது. மேல் வீட்டுக்காரர், கொழும்பிலிருந்து. அறுபது வயதுக்காரர். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். சின்ன வயதில் விடுதியில் ஆங்கிலம் படித்து, அங்கேயே சிங்களமும் பழகி, தமிழை வீட்டில் காதால் மட்டும் கற்றவர். சரளமாகப் பேசுவார். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. தோழி சத்தத்தைக் கூட்டித் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"தங்கச்சி, சின்னம்மா வீட்டு போர்டு வந்திச்சா? எப்படி இருக்கு?"

"வந்திச்சி அண்ணா. வந்ததுதான் இங்க பிரச்சினை. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஸ்மோல் ஹவுஸ்னு. தமிழ்ல. நான் ஃபோன்ல போட்டேன், அது தமிழாக்கித் தந்திச்சி. ஷேப் நல்லா இருந்திச்சி. அப்படியே அனுப்பினேன்."

"வாசிச்சிப் பாத்தீங்களா?"

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்சாத்தானே?"

"அதுல 'சின்ன வீடு'ன்னு இருக்கு அண்ணா."

எதிர்முனையில் ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறி, தண்ணீர் குடிக்கும் சத்தத்தில் முடிந்தது. "ஐயோ சின்னம்மா. நீங்க பக்கத்துலதான் இருக்கீங்களா? மன்னிச்சிக்கிங்க சின்னம்மா."

"சிரிச்சி முடிச்சிட்டு மன்னிப்பு கேளு," என்றார் தாய். ஆனால் அவருடைய உதடும் ஓரத்தில் அசைந்தது.

நான் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மேல் வீட்டுக்காரர் முதலில் கேட்ட கேள்வி என் காதிலேயே நின்றுவிட்டது. மேசையில் இருந்த தாளில் 'சின்ன வீடு' என்று எழுதினேன். இடையில் கொஞ்சம் இடம் விட்டு மீண்டும் எழுதினேன். அந்த இடைவெளியில் 'ம்', 'மா' என்று இரண்டு எழுத்தைப் போட்டேன். தாளைத் திருப்பித் தாயின் முன் வைத்தேன்.

சின்னம்மா வீடு.

தோழி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நானா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, விரலால் காற்றில் எதையோ அளந்தார். "வீடுங்கறத வலப்பக்கம் தள்ளினா, அந்த ஓட்டைக்கு மேல 'ம்மா' சரியா குந்தும். கல்லு மாத்தத் தேவையில்ல. ரெண்டு எழுத்து டீச்சர். நாளைக்கி வெட்டிக் கொண்டாந்துருவேன்."

தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"இது சும்மா கூப்புடுற பேரு. அவன் கூப்புடுவான், அவன் தங்கச்சிமாரு கூப்புடுவாங்க. கல்லுல அடிக்கிற பேரா இது?"

"தொழிற்சாலையிலயும் ஒங்கள அப்படித்தானே கூப்புடுவாங்க அம்மா," என்றாள் தோழி. "பெட்டி அடிக்கிறவங்கள்ளருந்து லொறி டிரைவர் வரைக்கும்."

"அது மரியாதைக்கி. நேர்ல. ரோட்டுல போறவன் வாசிச்சா என்ன நெனப்பான்? அதுதான் எனக்குத் தெரியணும்."

நியாயமான கேள்வி. ஒரு பெயரைத் தாளில் பார்ப்பது வேறு, தூணில் பார்ப்பது வேறு. நான் எத்தனையோ தாள்களைக் கொடுத்து, அவை லாச்சிக்குள் போவதைக் கண்டவள். உள்ளே போய் ஒரு கேக் பெட்டியைக் கேட்டு வாங்கினேன், அவர்களுடைய சொந்தத் தயாரிப்புதான். அதன் மூடியில், தூணில் இருந்த எழுத்தின் உயரத்துக்குச் சரியாக, 'ம்' ஒன்றும் 'மா' ஒன்றும் வரைந்து கத்தரிக்கோலால் வெட்டினேன். 'ம்'இன் புள்ளி கையோடு வந்துவிட்டது. அதைத் தனியாக ஒட்டினேன். நானா தூணில் இருந்த 'வீடு'வைக் கழற்றி வலப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நான் இடைவெளியில் அட்டை எழுத்துகளை டேப்பால் ஒட்டினேன். பித்தளைக்கு நடுவே மண்ணிற அட்டை. பார்க்க அலங்கோலம்தான், ஆனால் வாசிக்கலாம்.

தாயும் கேட்டைக் கடந்து வெளியே வந்தார். வீதியின் இருபக்கமும் பார்த்து, தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்க பஸ் ஹோல்டுக்குக் கடந்து போனார். நானும் பின்னால் போனேன். நானா தூணோடு ஒட்டிக்கொண்டு, 'வீடு'வைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

அங்கே இரண்டு பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மடியில் சந்தைப் பைகள். தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. எங்களை அவர்களுக்குத் தெரியாது. ஒரு மனிதர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா அது, புதுசா எழுத்து போடறாங்க?" என்றாள் ஒருத்தி.

மற்றவள் கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டினாள். "சின்னம்மா... வீடு. சின்னம்மா வீடாம்."

"இவ்வளவு பெரிய வீட்டுல சின்னம்மாவா? குடுத்து வச்சவங்க. எனக்கும் ஒரு சின்னம்மா இருக்கா. போனா ஒரு தேத்தண்ணி ஊத்தித் தர மாட்டா."

"ஒன் சின்னம்மாதான் ஊருக்கே தெரியுமே. நீ இங்க போ. இந்தச் சின்னம்மா பாலூத்தியே தருவாங்க போல இருக்கு, வீட்டப் பாத்தா."

தோழியின் தாய் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்து, ஏனென்று தெரியாமலே தாங்களும் சிரித்தார்கள். பஸ் வந்து எங்களுக்கும் தூணுக்கும் நடுவில் நின்றது. ஏறும்போது முன்னால் பேசியவள் எங்களைப் பார்த்து, "அந்த வீட்டுக்காரங்கள ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்," என்றார் தாய். "சனிக்கிழமை வாங்க. பால் தேத்தண்ணியே தருவாங்க."

பஸ் நகர்ந்ததும் வீதிக்கு அப்பால் நானா இன்னும் அதே நிலையில் நின்றார். "அம்மா, கை வலிக்குது," என்று கத்தினார். "சரியா, இல்லையா?"

"சரி," என்றார் தாய். "ஆனா புது எழுத்து அதே சைசுல இருக்கணும். பின்னால சொருகின மாதிரி தெரியக்கூடாது."

தெரிந்தது. அடுத்த நாள் நானா கொண்டு வந்த பித்தளை வேறு தகட்டிலிருந்து வெட்டியது. பழைய எழுத்துகளைவிட 'ம்மா' ஒரு படி கூடுதல் பளபளப்பாக இருந்தது. உயரமும் அகலமும் சரியாகவே இருந்தன, நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நிறத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மெருகு போடலாம், மங்க வைக்கலாம் என்று நானா சொல்லச் சொல்ல, தாய் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"இருக்கட்டும். தூரத்துலருந்து பாத்தா 'ம்மா' மட்டும் மொதல்ல தெரியுது. நல்லதுதான்."

சனிக்கிழமை கேட் திறந்தது. மேல் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்து, எல்லாருக்கும் முன்னால் தூணின் முன் நின்று, விரலை எழுத்து எழுத்தாக வைத்து வாசித்தார். நான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். 'ன்'இல் ஒருமுறை தடுமாறினார், மற்றபடி பாஸ். அந்த மகிழ்ச்சியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்போ எங்க வீட்டு போர்டையும் மாத்துவோம். 'பெரியம்மா வீடு'. மேல பெரியம்மா வீடு, கீழ சின்னம்மா வீடு. மேட்சிங்."

"ஒங்க அம்மா எனக்குத்தான் பெரியம்மா அண்ணா," என்றாள் தோழி. "ஒங்களுக்கு அம்மா."

"அதெல்லாம் வேணாம்," என்றார் தாய். அவர் விறாந்தைக் கதிரையில் அமர்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய வீடு பெரிய வீடாவே இருக்கட்டும். அங்க வீடுதானே பெரிசு."

மேல் வீட்டுக்காரருக்கு அதில் இருந்த குத்தல் புரிய ஒரு நிமிடம் எடுத்தது. புரிந்ததும் மறுபடி சிரித்து, மறுபடி இருமினார்.

அன்று கூட்டம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். பஸ் ஹோல்டில் கண்ட இரண்டு பெண்களும் வரவில்லை. தாய் அவர்களைத் தேடியது எனக்குத் தெரியும், கேட்டுப் பக்கம் அடிக்கடி பார்த்தார். மற்றவர்கள் வந்தார்கள். சாப்பாட்டு அறையில் எல்லாரும் கழுத்தை வளைத்து, மேலே தலைகீழாக இருந்த அந்தப் பாதிப் பெயரை வாசிக்க முயன்றார்கள். பத்தாததற்கு, நடுப்பகலில் குசினியில் காஸ் முடிந்துவிட்டது. தோழி கையில் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். நான் கட்லட் எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். "யாராவது காஸ் கடைக்கு அடிங்க," என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள்.

தாய் சுவரோரம் இருந்த தொலைபேசியை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கடையில் புதுப் பையன் போல. அவனுக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

"பெரிய சிலிண்டர் ஒண்ணு அனுப்புங்க. ஒடனே வேணும்."

எதிர்முனையில் விலாசம் கேட்டார்கள். அவர் வழமையான பதிலுக்காக வாயைத் திறப்பதை நான் பார்த்தேன். 'தொழிற்...' வரைக்கும் வந்தது. அங்கே நிறுத்தினார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார், நேரில் யாரோ பார்ப்பது போல.

"திகன ரோடு," என்றார். "சின்னம்மா வீடு."

அவன் ஏதோ கேட்டான். எந்தச் சின்னம்மா என்று கேட்டிருக்க வேண்டும்.

"நான்தான்," என்றார் அவர். "கேட்டுல எழுதியிருக்கு. வாசிச்சிப் பாத்து உள்ள வரச் சொல்லுங்க."